பிரித்துப் பார்க்காதவர்

நஸீரா வீட்டு முன்கூடத்துக் கண்ணாடி அலமாரியில் ஒரு கேடயம் இருக்கிறது. மரப்பலகை, அதன் மேல் பித்தளைத் தகடு, தகட்டில் அவள் கணவர் காதர் மைதீனின் பெயர். பெயருக்குக் கீழே ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல்: ப்ரோபிட்டி. கீழக்கரையில் வளைகுடா போய் வந்தவர்களுக்கா பஞ்சம்? ஆங்கிலமும் அரபியும் தண்ணீர் பட்ட பாடாகப் பேசுகிறவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். ஆனால் இந்தச் சொல்லை இதற்கு முன் கேட்டதாக ஒருத்தரும் சொல்லவில்லை. கேடயம் வந்த வாரத்தில் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் தகட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது பட்டமா டீச்சர், பதவியா?" என்றே கேட்டார்கள்.

நஸீரா பெண்கள் பள்ளியில் ஆங்கில டீச்சர். உண்மையைச் சொன்னால் அவளுக்கும் அந்தச் சொல் அவ்வளவு பழக்கமில்லை. அதை ஊருக்குக் காட்டிக்கொள்வாளா? டீ போடுகிற சாக்கில் உள்ளே போய் அகராதியைப் புரட்டினாள். நேர்மை என்று போட்டிருந்தது. நேர்மைக்குத்தான் ஆனெஸ்டி இருக்கிறதே, அப்புறம் எதற்கு இன்னொரு சொல் என்று பெரிய அகராதியை எடுத்தாள். சோதித்துப் பார்த்து நிரூபணமான நேர்மை என்று அதில் இருந்தது. சும்மா நல்லவனாக இருப்பது இல்லை. கெட்டுப்போக எல்லா வசதியும் இருந்தும் கெடாமல் நின்றவனுக்குத்தான் அந்தச் சொல். அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. டீயோடு வெளியே வந்து, "நம்ம அமானிதம்னு சொல்றோம்ல, அதப் பேணுற குணத்துக்குத்தான் இங்கிலீஷ்காரன் இப்படிப் பேரு வெச்சிருக்கான்," என்றாள்.

அவ்வளவுதான், ஊருக்குப் புரிந்துவிட்டது. நம்பி ஒப்படைத்த பொருளை, அது நகையோ ரகசியமோ, சேர வேண்டிய கையில் சேர்க்கும்வரை தன் உயிரைப்போலக் காப்பதுதான் அமானிதம். அதில் காதர் மைதீனை மிஞ்ச ஆள் இல்லை என்பது ஊருக்கு ஏற்கெனவே தெரியும். வளைகுடாவில் அவர் வேலை பார்த்த கம்பெனிக்குத்தான் தாமதமாகத் தெரிந்திருக்கிறது. அங்கே ஒரு பெரிய சரக்குக் கிடங்குக்கு அவர்தான் பொறுப்பு. முதலாளிகள் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு நாட்டுக்குப் போய்விட, கேட்க நாதியில்லாமல் மாதக்கணக்கில் கிடந்த கிடங்கின் சாவி இவர் இடுப்பில் இருந்தது. முதலாளிகள் திரும்பி வந்து பார்த்தபோது ஒரு பால்பவுடர் டின்கூடக் குறையவில்லை. அதற்குத்தான் அந்தக் கேடயம்.

பள்ளியில் நஸீராவுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. "அர்த்தம் தெரிஞ்சாப் பாதிதான். வாக்கியத்துல வெச்சுக் காட்டு, அப்பத்தான் சொல்லு உனக்குச் சொந்தம்," என்பாள். கேடயம் வந்த பிறகு ஒவ்வொரு வருடமும் பத்தாம் வகுப்பில் இந்தச் சொல்லை எப்படியாவது நுழைத்துவிடுவாள். பாடத்தில் இல்லாத சொல். வாக்கியத்தையும் அவளே கரும்பலகையில் எழுதுவாள்: என் கணவர் ப்ரோபிட்டி உள்ள மனிதர். பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவாள். பெருமைப்படுவதற்கும் ஒரு கொடுப்பினை வேண்டுமே.

அவர் விடுமுறை முடிந்து பயணம் கிளம்பும்போது அந்த வீட்டைப் பார்க்க வேண்டும். ஒரு வாரத்துக்கு முன்பிருந்தே பார்சல்கள் வர ஆரம்பித்துவிடும். அங்கே இருக்கிற மகனுக்குத் தொதல் இனிப்பு, மருமகனுக்குக் கருவாடு, பிள்ளை பெற்றவளுக்கு மருந்துப் பொடி, சும்மா ஆசைக்கு ஒரு பாட்டில் ஊறுகாய். எல்லாம் துணி சுற்றித் தைத்து, மேலே பெயர் எழுதி வரும். விமான நிலையத்தில் கேள்வி கேட்கிற காலம் வந்த பிறகு வளைகுடாவுக்குப் பயணம் போகிற மற்ற சபராளிகள் எல்லாம் விவரமாகிவிட்டார்கள். தையலைப் பிரித்து, உள்ளே பார்த்து, தாங்களே திரும்பக் கட்டித்தான் பெட்டியில் வைப்பார்கள். காதர் மைதீன் மட்டும் பிரிக்க மாட்டார். "என்ன இருக்கு" என்று கேட்பார், சொன்னதை நம்புவார். ஒரு தடவை யாரோ கொடுத்த கருவாட்டு மூட்டை விமானத்தில் நாறித் தொலைக்க, பக்கத்து சீட்டுக்காரன் எழுந்து வேறு இடத்துக்கு ஓடியிருக்கிறான். அப்போதும் பிரிக்கவில்லை. மடியிலேயே வைத்துக்கொண்டு போய்ச் சேர்த்தார். அதைச் சொல்லிச் சொல்லி ஊர் சிரித்தது. சிரித்துக்கொண்டே அடுத்த தடவையும் அவரிடமே கொண்டுவந்து கொடுத்தது.

கடைசியாகப் போனபோது, இறங்கின இடத்தில் அவர் பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள். ஒரு தொதல் பார்சலைக் குத்திப் பார்த்த கத்தி பாதியில் தட்டி நின்றது. இனிப்புக்கு நடுவே பாலிதீன் சுருட்டி வைத்திருந்தது. உள்ளே மாத்திரைகள். அந்த நாட்டில் அவற்றை வைத்திருந்தாலே குற்றம். காதர் மைதீன் நின்ற இடத்திலிருந்தே உள்ளே போனார்.

செய்தி வந்தபோதும் நஸீராவுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. யார் கொடுத்தது என்று சொன்னால் போதும், அவரை விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாள். அவர் சொல்லவில்லை. பொய்யாவது சொல்லியிருக்கலாம், தெரியாது, கூட்டத்தில் யாரோ திணித்துவிட்டார்கள் என்று. அதுவும் சொல்லவில்லை. "கொடுத்தது யாருன்னு தெரியும், சொல்ல மாட்டேன்," என்று அதிகாரி முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். எந்த ஊரில் இப்படிச் சொல்கிறவனை அப்பாவி என்பார்கள்?

அவர் சொல்லாததை நஸீரா ஊரில் தேடினாள். அந்தப் பயணத்துக்குப் பார்சல் கொடுத்த ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். எல்லாரும் கண்ணீர் விட்டார்கள், எல்லாரும் மறுத்தார்கள். அடுத்த வீட்டு ஜுமானா தன் மகனுக்குத் தொதல் கொடுத்திருந்தாள். அவளிடம் நஸீரா பேசிய பேச்சு கொஞ்சநஞ்சமல்ல. "உன் மவனுக்கு இனிப்பு, எம் புருசனுக்கு ஜெயிலா?" என்று தெருவில் நின்று கேட்டாள். ஜுமானா குர்ஆன்மேல் கை வைக்கிறேன் என்று அழுதாள். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை நின்றது. இந்த அலைச்சலிலெல்லாம் நஸீராவின் உம்மா மலிகா கூடவே போனார். வீட்டுக்கு வீடு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, முக்காட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

மலிகா மகளோடுதான் இருந்தார். ஊர் வழக்கப்படி வீடு மகளுக்கு. கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். காதர் மைதீன் அப்படி வந்தபோது நஸீராவின் தம்பி இர்பான் கால்சட்டை போட்ட பையன். வாப்பா இல்லாத பிள்ளை. நஸீராவுக்கும் பிள்ளை இல்லை என்று ஆனபிறகு லாத்தா லாத்தா என்று அக்காவையே சுற்றிவந்த அவனே பிள்ளையானான். சைக்கிள் பழக்கியது மச்சான், காலேஜில் சேர்த்தது மச்சான், ராமநாதபுரத்தில் செல்போன் கடை வைத்துக் கொடுத்ததும் மச்சான். இப்போது அவனுக்கு அஃபீஃபா என்று ஒரு பெண்ணைப் பேசி முடித்திருந்தார்கள். "மச்சான் வந்தாத்தான் எனக்கு நிக்காஹ்," என்று அவன் சொன்னபோது நஸீரா உருகிப்போனாள்.

அவர் உள்ளே போன எட்டாவது மாதத்தில் வக்கீல் மாறினார். புதிய வக்கீல் சஃபா, அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். போனில் பட்பட்டென்று பேசுவாள். மனைவி தரப்பில் கோர்ட்டுக்கு ஒரு வாக்குமூலம் வேண்டும் என்று கேட்டாள். நஸீரா தன் ஆங்கிலத்தையெல்லாம் திரட்டி எழுதி அனுப்பினாள். முதல் வாக்கியம் கரும்பலகை வாக்கியம்தான்.

சஃபா கூப்பிட்டாள். "டீச்சர், அந்த ப்ரோபிட்டிய எடுத்துருங்க."

"ஏங்க? அது உண்மைங்க. கம்பெனியே கொடுத்த சொல்லு."

"உண்மையா இருக்கலாம். ஆனா யோசிங்க. இவரு வாங்குன பொருளப் பிரிச்சுப் பாக்கல, கொடுத்தவன் பேரும் சொல்லல. உங்களுக்கு இது நேர்மை. கோர்ட்ல இருக்கவங்களுக்கு இது கூட்டாளியோட விசுவாசம். கடத்துறவன் அப்படித்தான் இருப்பான். அந்த வார்த்தையச் சொல்லச் சொல்ல அவரு உள்ளதான் போவாரு."

இத்தனை வருடம் நஸீரா பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒன்றை அந்தப் பெண் ஒரே மூச்சில் கவிழ்த்துப் போட்டுவிட்டாள்.

"கொடுத்தது யாருன்னு கண்டுபிடிங்க," என்றாள் சஃபா. "கொடுத்தவனோ, கொடுத்ததுக்கு ஒரு சாட்சியோ வந்தா இவர வெளிய கொண்டுவர வழி இருக்கு. இல்லாட்டி எனக்கு வழி தெரியல. ஃபைல்ல பார்சலோட போட்டோ இருக்கு, அனுப்புறேன். யாருக்காவது அடையாளம் தெரியுதான்னு பாருங்க."

போட்டோ வந்தபோது மதியம். உம்மா அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். நஸீரா போனைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றாள். வெட்டிப் பிளந்த தொதல், அதைச் சுற்றிய துணி. மற்ற பார்சல்களைப்போல மேலே பெயர் எழுதவில்லை. வெள்ளையில் சின்னச் சின்ன ஊதாப் பூ. பெரிதாக்கிப் பார்த்தாள். தையல் வலமிருந்து இடமாகச் சாய்ந்திருந்தது. இடக்கைக்காரர் தைத்தால்தான் அப்படி விழும்.

அந்த ஊதாப் பூ உம்மாவின் தொழுகைத் துப்பட்டி. கிழிந்துபோனதை வீணாக்காமல் பார்சல் கட்ட வெட்டி வைத்தவளே நஸீராதான். அந்த வீட்டில் இடது கையால் ஊசி பிடிக்கிறவர் ஒருவர்தான் உண்டு. அவர் அடுப்படியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

அவள் உடனே எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ தொழுகைக்குப் பிறகு ஜெயிலிலிருந்து அவர் கூப்பிடுகிற நாள். கதவைச் சாத்திக்கொண்டு காத்திருந்தாள். சலாம் சொல்லி முடித்த கையோடு, "அந்தப் பார்சலைத் தெச்சது உம்மாதானே?" என்று கேட்டுவிட்டாள்.

"அத எதுக்கு இப்பக் கேக்குற?" என்றார் அவர்.

"உம்மா வேற யாருக்காகத் தெப்பாங்க? அப்ப கொடுத்தது இர்பான்," என்றாள்.

"நஸீரா, இங்க பாரு," என்றார் காதர் மைதீன். குரல் இறங்கியிருந்தது. "அவனுக்கு ஒண்ணும் தெரியாது. எவனோ சேக்காளி கொடுத்தத வாங்கிட்டு வந்திருப்பான். மாமிக்கு அதுவும் தெரியாது. சின்னப்பய புள்ள, வாழப்போற நேரம். ஒரு வீட்டுல ஒரு ஆளு உள்ள இருந்தாப் போதும்."

"அதுக்காக நீங்க அங்கன கெடந்து சாவணுமா?"

"என்னய நம்பிக் கொடுத்தான் புள்ள. அவன் பேர நான் எப்படிச் சொல்லுவேன்? உனக்குத் தெரியக் கூடாதுன்னுதான் இத்தன நாளும் வாய மூடிட்டு இருந்தேன். இனி மறைக்க ஏலாது. இத உங்கிட்ட அமானிதமா வெக்கிறேன். உன்னய விட்டு வெளிய போகக் கூடாது. சொல்லு, போகாதுன்னு."

அவள் அழுதுகொண்டே, "போகாது," என்றாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போனை வைக்கும் முன் அவர் ஒரே கேள்வியைக் கேட்டார். "நான் கொடுத்தது பத்திரமா இருக்கா?" அவளும், "பத்திரமா இருக்கு," என்றாள். வாரம் முழுக்க அவள் அதே வீட்டில் உம்மா ஆக்கிய சோற்றைச் சாப்பிட்டாள், தம்பிக்கு டீ போட்டுக் கொடுத்தாள், கல்யாணச் சேலையின் நிறம் கேட்டால் பதில் சொன்னாள்.

இதற்கிடையில் காதர் மைதீன் இளைத்துக்கொண்டே வந்தார். போனில் முகம் தெரியாது, ஆனால் குரல் இளைப்பது தெரியாதா? முன்பெல்லாம் ஊரில் யார் வீட்டில் குழந்தை பிறந்தது, யார் வந்திருக்கிறார்கள் என்று விசாரிப்பார். போகப்போக இருமல்தான் அதிகம் கேட்டது. சஃபா சொல்லிவிட்டாள், அடுத்த விசாரணையில் தீர்ப்பு வந்துவிடும், வந்துவிட்டால் அப்புறம் யார் பெயரைச் சொன்னாலும் பிரயோஜனமில்லை என்று.

இர்பானுக்குத் தெரியாது என்று கணவர் சொன்னதை நஸீரா நம்பத்தான் பார்த்தாள். அவர் நம்பினால் அவளும் நம்புவதுதானே பழக்கம். ஆனால் ஒரு நாள் சாயங்காலம் இர்பான் கூடத்தில் உட்கார்ந்து கல்யாணத்துக்கு யார் யாரைக் கூப்பிடுவது என்று உம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தான். மச்சான் வந்தால்தான் நிக்காஹ் என்ற பேச்சு எப்போது காணாமல் போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. பேச்சு நடுவில் ஜுமானா பெயர் வந்தது. "அந்த வீட்டுக்கு வேணாம்மா," என்றான் இர்பான். "லாத்தாவுக்குச் சங்கடமா இருக்கும்."

நஸீரா போனை எடுத்து, போட்டோவைத் திறந்து, இரண்டு பேர் நடுவிலும் வைத்தாள்.

மலிகா ஒரு பார்வைதான் பார்த்தார். முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அதுவே போதுமான பதில்.

"எங்கூட வீடு வீடா வந்தீங்களேம்மா," என்றாள் நஸீரா. "ஜுமானா அழுதப்ப எம் பக்கத்துலதான நின்னீங்க?"

"தைக்கும்போது எனக்கு என்ன தெரியும்? அவன் சேக்காளியோட வாப்பாவுக்குத் தொதல்னு சொன்னான், தெச்சுக் கொடுத்தேன். பொறவுதான் தெரிஞ்சுது. தெரிஞ்சு என்ன செய்ய? ஒரு கண்ணு போயிருச்சு, இன்னொரு கண்ணையும் நானே குத்திக்கவா?"

நஸீரா தம்பியின் பக்கம் திரும்பினாள். "ஏலே, உண்மையச் சொல்லு. உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா, தெரியாதா?"

இர்பான் தரையைப் பார்த்தான். "மாத்திரைன்னு தெரியும் லாத்தா. இவ்வளவு பெரிய கேசாவும்னு தெரியாது. அங்கன இருக்கவன் ஒருத்தன் வாங்கிக்குவான், ஒரே ஒரு தடவைதான்னு சொன்னானுக."

"ஊருல எத்தன சபராளி போறான்? ஏன்டா உன் மச்சான்கிட்ட கொடுத்த?"

அவள் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். அவனும் அழுதுவிட்டான். அழுகையோடு அழுகையாக அந்த வார்த்தை வந்தது.

"மத்தவன்னா பிரிச்சுப் பாத்திருப்பான் லாத்தா. மச்சான்தான் பிரிக்க மாட்டாரு."

நஸீரா சட்டையை விட்டுவிட்டாள். அடித்திருக்கலாம், கத்தியிருக்கலாம், ஒன்றும் தோன்றவில்லை. அலமாரிக்குள் பித்தளைத் தகடு பளபளவென்று இருந்தது. வாரத்துக்கு ஒரு தடவை அதைத் துடைத்து வைத்தவள் அவள்தான். ஊர் முழுக்க அந்தக் குணத்தைப் பாராட்டிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குள் ஒருத்தன் அதை அளந்து பார்த்து, இதற்குள் எதையும் வைத்து அனுப்பலாம் என்று முடிவு செய்திருக்கிறான். பார்சலைக் கட்டிக் கொடுத்த துணியும் இந்த வீட்டுத் துணி.

மறுநாள் பள்ளியில் அவள் பாடம் நடத்தவில்லை. பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முன்வரிசையில் ஒருத்தி எழுந்து, "மிஸ், போன வருசத்து அக்காங்களுக்கெல்லாம் ப்ரோபிட்டின்னு ஒரு சொல்லு சொல்லிக் கொடுத்தீங்களாமே, எங்களுக்கு இன்னும் சொல்லல," என்றாள். ஊர் விஷயம் தெரியாத வெளியூர்ப் பிள்ளை. மற்றவர்கள் அவள் பாவாடையை இழுத்து உட்கார வைத்தார்கள்.

நஸீராவுக்குக் கோபம் வரவில்லை. மனதுக்குள் வாக்கியம் போட்டுப் பார்த்தாள். கணவர் ஒப்படைத்த ரகசியத்தைக் காப்பாற்றியவள் ப்ரோபிட்டி உள்ளவள். சரி. கணவரைக் காப்பாற்ற உண்மையைச் சொன்னவள் ப்ரோபிட்டி உள்ளவள். அதுவும் சரி. இரண்டு வாக்கியத்திலும் ஒரு பிழை இல்லை. இரண்டும் ஒருத்தியாக இருக்க மட்டும் முடியாது. அவர் ஒரு மூட்டையை வாங்கினார், பிரிக்கவில்லை, அதனால் அழிந்துகொண்டிருக்கிறார். இப்போது அவர் அவளிடம் ஒரு மூட்டையைக் கொடுத்திருக்கிறார். பிரிக்காவிட்டால் அவர் செத்துப்போவார். பிரித்துவிட்டால் அவருக்குப் பெண்டாட்டியாக இருக்கிற யோக்கியதை தனக்குப் போய்விடும் என்று நினைத்தாள். அந்த மனிதரோடு வாழ்ந்ததில் அவளுக்குத் தெரிந்த ஒரே மரியாதை அதுதான்.

"அது பரீட்சைக்கு வராது. உக்காரும்மா," என்று அந்தப் பிள்ளையிடம் சொன்னாள்.

மணி அடித்ததும் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று சஃபாவைக் கூப்பிட்டாள். "கொடுத்தது என் தம்பி. பேரு இர்பான். தெச்சது எங்க உம்மா. துணி எங்க வீட்டுத் துணி, அதுல மிச்சமும் இருக்கு. நானே சாட்சி சொல்றேன்," என்றாள்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் அவள் நினைத்தபடிதான் நடந்தது. ராமநாதபுரத்திலிருந்து போலீஸ் வந்து இர்பானை விசாரணைக்குக் கூட்டிப்போனது. அஃபீஃபா வீட்டார் ஒரு வார்த்தை பேசாமல் பரிசப் பொருட்களைத் திருப்பி அனுப்பினார்கள். மலிகா பெட்டியைக் கட்டினார். ஏர்வாடியில் தங்கச்சி வீடு இருந்தது.

"உம்மா, இது உங்க வீடு," என்று நஸீரா வாசலில் நின்று மறித்தாள்.

"இது உன் வீடு," என்றார் மலிகா. "பொம்பளப்புள்ளைக்குன்னு உன் வாப்பா கட்டுனாரு. நல்லா இரு. புருசன் வருவாரு, சந்தோசமா இரு. எம் புள்ளைய நீ வளத்த, நீயே கொண்டுபோய்க் கொடுத்துட்ட." ஆட்டோ ஏறும்வரை மகள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

நஸீரா ஜுமானா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டாள். ஜுமானா கதவைத் திறந்தாள், கேட்டுக்கொண்டாள், "சரி" என்றாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

சஃபாவிடமிருந்து செய்தி வந்தது. நஸீராவின் வாக்குமூலத்தை ஏற்றுக்கொண்டார்கள், கேசின் போக்கு மாறிவிட்டது, கொஞ்ச நாளில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று நம்பிக்கையாகச் சொன்னாள். அவரிடம் சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம், நானே சொல்கிறேன் என்றாள் நஸீரா.

வெள்ளிக்கிழமை வந்தது. ஜும்ஆ முடிந்து தெருவில் ஆட்கள் பேசிக்கொண்டு போகிற சத்தம் அடங்கியது. ஆள் இல்லாத வீட்டில் அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு அலமாரிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். போன் அடித்தது. அவர் சலாம் சொன்னார், இருமினார், சாப்பிட்டியா என்று கேட்டார். மாமிக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது, இர்பான் கடை எப்படிப் போகிறது என்று கேட்டார். அவள் ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. அவருக்கு என்னவோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். கடைசியில் கேட்கிற கேள்வியை முன்னாலேயே கேட்டார்.

"நஸீரா, நான் கொடுத்தது பத்திரமா இருக்கா?"

"இல்லைங்க," என்றாள். "பிரிச்சுட்டேன்."

சஃபாவிடம் சொன்னது, போலீஸ் வந்தது, உம்மா போனது, எல்லாவற்றையும் கொட்டினாள். இர்பான் சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. மச்சான்தான் பிரிக்க மாட்டாரு என்று தெரிந்தே கொடுத்தான் என்பதை அவர் காதில் போட அவளுக்கு மனம் வரவில்லை. அவன் தெரியாமல் கொடுத்தான் என்றே அவர் நினைத்துக்கொள்ளட்டும். சாகிறவரை அதைத் தன்னோடு வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தாள். அவருக்காக அவள் இனிமேல் காக்க முடிந்த அமானிதம் அது ஒன்றுதான்.

ஏசுவார் என்று காத்திருந்தாள். இனி உன் மூஞ்சியில் முழிக்க மாட்டேன் என்பார், போனை வைத்துவிடுவார், தலாக் என்றுகூடச் சொல்லிவிடுவார் என்று என்னென்னவோ நினைத்திருந்தாள். எதைச் சொன்னாலும் தாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தாள். அவர் ஏசியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். பழைய காதர் மைதீன்தான் பேசுகிறார் என்று தெரிந்திருக்கும்.

"நஸீரா."

"சொல்லுங்க."

"அன்னைக்கே நான் அதப் பிரிச்சுப் பாத்திருக்கணும்."

இத்தனை மாதமும் அவர் வாயால் அந்த வார்த்தையைக் கேட்க மாட்டோமா என்று ஏங்கியவள் அவள். எத்தனை இரவு தலையணையில் முகம் புதைத்து, ஒரு தடவை பிரித்துப் பார்த்திருக்கக் கூடாதா இந்த மனுசன் என்று அழுதிருப்பாள். இப்போது கேட்டுவிட்டது. கருவாட்டு மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு கடல் தாண்டிய மனிதர் அந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிட்டார். இனி அவர் வருவார். வருகிறவர் கடைசிவரை அவளோடு அன்பாகத்தான் இருப்பார், அதில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் யார் எதைக் கொடுத்தாலும், அவளே கொடுத்தாலும், கையில் வாங்கி ஒரு கணம் நிறுத்தி, பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வைப்பார்.

அவள் வாய்விட்டு அழுதாள். "அழுவாத புள்ள, நான்தான் வந்துருவேன்ல, அழுவாத," என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். நேரம் முடிந்து லைன் போனது.